மறுகா

ஐந்து பேரிடம் காட்டினால் போதும்,
பெரும்பாலான பிழைகள் பிடிபடும் என்று
படித்த இடத்தில் சொல்லித்தந்தார்கள்.
நான்காவது ஆள் லோகவதனி.
ஆரையம்பதியில் மா அரைக்கிற மில்.
பெல்ட் ஓடும் இரைச்சலுக்குள்
என் அப்பின் இனிமையான குரல் உதவி
வாயசைத்துவிட்டுப் போனது.

விரல் ரேகை வை என்றது போன்.
வைத்தாள். தெரியவில்லை என்றது.
சீலையில் துடைத்து வைத்தாள். மீண்டும் முயற்சிக்கவும்.
இருபத்திரண்டு வருச அரிசிமா
ரேகைகளுக்குள் குடியிருக்கிறது.
என் வரைபடத்தில் அதற்கு இடமில்லை.

பிறகு வெயில்.
இந்த வருசம் எல்லோரும் சாம்பலில் எழுதுகிறார்கள்,
வெள்ளையில் மெல்லிய சாம்பல்.
கொழும்பின் குளிரறையில் அது அழகு.
அவள் வாசலுக்கு வந்து
இடக்கையால் திரைக்குக் கூரை போட்டு
"எழுத்து எங்க கிடக்கு புள்ள?" என்றாள்.

கிடந்தது. பாதி.
ஆங்கிலத்தின் ஆறெழுத்துக்கு வெட்டிய பெட்டிக்குள்
தமிழை அமுக்கியிருந்தேன்:
சமர்ப்பிக்
மிச்சத்துக்கு மூன்று புள்ளி.
"ஆரச் சமர்ப்பிக்கிற?" என்று கேட்டாள்.
சிரித்தேன். குறிப்பில்
பயனர் நான்கு: தயக்கம்
என்று எழுதிக்கொண்டேன்.

அப்போதுதான் அது கீழிருந்து எழும்பி வந்தது,
மூலை வட்டமாய், நிழல் மெத்தென்று, ஓர் அட்டை.
உங்களுக்காக ஒரு இலட்சம் காத்திருக்கிறது.
பச்சையில்: இப்போதே பெறுக.
அதன் கீழே பெட்டியுமில்லாமல் கோடுமில்லாமல்:
பின்னர்.

பின்னரைத் தொட்டாள்.
வாய்விட்டும் சொன்னாள்,
"மறுகா பாப்பம்."

மட்டக்களப்பில் பிறந்த எனக்கு
இதை ஒருவரும் விளக்கத் தேவையில்லை.
லீசிங் கம்பனிப் பொடியனுக்கும்
சம்பந்தம் பேச வந்தவருக்கும்
முகம் முறியாமல் சொல்வது.
மறுகா என்றால் இல்லை.
இல்லைக்கு நாங்கள் உடுத்திவிட்ட சட்டை.
பொடியனுக்கு விளங்கும்,
தேத்தண்ணியைக் குடித்துவிட்டு
மோட்டார் சைக்கிளைத் திருப்புவான்.

அப்புக்கு விளங்கவில்லை.
இருபத்துநாலு மணித்தியாலம் எண்ணிவிட்டு
மில் திறக்குமுன் வந்து நின்றது.
அடுத்த நாளும்.
அதற்கடுத்த நாள் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

அந்த எண்ணிக்கையை வரைந்தவள் நான்.
தடையில்லாப் பயணம் என்று பெயர் வைத்து
பாராட்டுக் கடிதமும் வாங்கியிருக்கிறேன்.
மூன்று தொடுகையில் கடன்.
வெளியே போக ஏழு திரை,
கட்டாயமாய் ஒரு காரணம்,
போகாதே என்று அழுகிற ஒரு பொம்மை.

கிழமை கழித்துத் திரும்பப் போனேன்.
போனை வெளிச்சத்துக்குச் சரித்துக் காட்டினாள்.
கண்ணாடி முழுக்க மா.
எங்கள் கணினி சிவப்பும் மஞ்சளுமாய்த் தீட்டும் தொடுகை வரைபடத்தை
அவள் வெள்ளையில் வைத்திருந்தாள்.
பச்சைப் பட்டனில் ஒரு தடமும் இல்லை.
வலது மேல் மூலையில்
நான் ஒன்றுமே வைக்காத இடத்தில்
தொட்டுத் தொட்டு
பத்து ரூபாய்க் குற்றியளவு வெள்ளை.

அன்றிரவு கல்லடியில்
கரண்ட் போய் வந்த பிறகு
அந்த மூலையில் ஒரு சொல் வைத்தேன்.
வேண்டாம்.
கறுப்பில். பெருவிரல் அகலத்தில்.
எழுத்தைக் குறைக்காமல்
பெட்டியை நீட்டினேன்.

பாதிப்பேருக்குப் பழையது போனது, பாதிப்பேருக்குப் புதியது.
பத்து நாளில் கோடு சரிந்தது.
வெள்ளவத்தையிலிருந்து நிரஞ்சித் எழுதினார்:
நல்ல முயற்சி.
அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடலாமா?

கன நேரம் யோசிக்கவில்லை.
மறுகா பாப்பம் என்று அனுப்பினேன்.

மறுகா என்றால் பிறகுதானே, என்று கேட்டார்.
ஓம் என்றேன்.
பெருவிரல் உயர்த்தி ஒரு படம் வந்தது.
திங்கள் காலை பத்து மணிக்கு
நாட்காட்டியில் குறித்தும் வைத்திருக்கிறார்.